ஹைப்பர் தைராய்டு மாத்திரை: எந்த வேளைக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா?

17 பிப்ரவரி 2025, காலை 7:40
குடியாத்தம் வாசகர்

அம்மாவுக்கு ஹைப்பர் தைராய்டு. சீட்டுல நியோ மெர்கசோல் 10, 1-0-1ன்னு இருக்கு. கூடவே ப்ரோப்ரனோலால் 20, 1-1-1. சாப்பாட்டுக்கு முன்னா பின்னான்னு எதுவும் எழுதல. பக்கத்து வீட்டு அக்கா, தைராய்டு மாத்திரைன்னாலே விடியக்காலம் வெறும் வயித்துல போட்டுட்டு ஒரு மணி நேரத்துக்கு காபித்தண்ணி கூட தொடக்கூடாதுன்னு அடிச்சு சொல்றாங்க. அம்மா அதைக் கேட்டு அஞ்சு மணிக்கே ரெண்டையும் போட்டுட்டு, குமட்டலோட ஆறரை வரைக்கும் உக்காந்திருக்காங்க. எது சரி?

17 பிப்ரவரி, காலை 9:15
காட்பாடி மருந்தாளர்

அந்த அக்கா சொல்றது சரிதான், அவங்க போடுற மாத்திரைக்கு. அவங்களுக்கு ஹைப்போவா (தைராய்டு கம்மியா சுரக்கறது) இருக்கும். தைராக்சின் போடுவாங்க (தைரோநார்ம், எல்ட்ராக்சின்). அது குடல்ல முழுசா உறிஞ்சப்படாத மருந்து. காபி, பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாமே அதைத் தடுக்கும். அதனாலதான் வெறும் வயிறு, அரை மணி முதல் ஒரு மணி நேரக் காத்திருப்பு.

உங்க அம்மா போடுற நியோ மெர்கசோல்ல இருக்கற மருந்து கார்பிமசோல். வேலை நேர்மாறு: தைராய்டு சுரக்கறதைக் குறைக்கும். இது நல்லா உறிஞ்சப்படும், சாப்பாடு பெருசா குறுக்கே வராது. சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். குமட்டுதுன்னா பின்னாடிதான் போடணும். காலை இட்லிக்கு அப்புறம் ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. அஞ்சு மணி விரதத்தை இன்னிக்கே நிறுத்துங்க.

ப்ரோப்ரனோலால் கதை கொஞ்சம் வேற. சாப்பாட்டோட போட்டா ரத்தத்துல சேர்ற அளவு கூடும். ஒருநாள் வெறும் வயிறு, மறுநாள் சாப்பாட்டுக்கு அப்புறம்னு மாத்தினா ஒருநாள் படபடப்பு அடங்கும், மறுநாள் அடங்காது. இல்லன்னா தலை சுத்தும். மூணு வேளையும் சாப்பாட்டுக்குப் பின்னாடின்னு ஒரே மாதிரி வெச்சுக்குங்க.

17 பிப்ரவரி, காலை 10:02
ஆற்காடு நர்ஸ்

ஒரே வீட்டுல ஒருத்தருக்கு ஹைப்போ, இன்னொருத்தருக்கு ஹைப்பர்னா அலமாரியைப் பிரிங்க. ரெண்டுமே சின்ன புட்டியில, சின்ன மாத்திரையா வரும். மாத்திப் போட்டா ரெண்டு பேருக்குமே நோய் கூடும். ஹைப்பர்காரர் தைராக்சின் போட்டா நெருப்புல எண்ணெய். மூடி மேல வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி பேரை எழுதுங்க. ஒண்ணு சமையல்கட்டுல, ஒண்ணு படுக்கையறையில.

17 பிப்ரவரி, இரவு 8:30
காட்பாடி மருந்தாளர்

நர்ஸ் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. கடையில வாங்கும்போது பேரை ஒவ்வொரு எழுத்தா பாருங்க. கார்பிமசோல் வேற, கார்பமசெபின் வேற. ரெண்டாவது வலிப்புக்குக் கொடுக்கறது (டெக்ரிடால், மசெட்டால்). கோழிக்கிறுக்கல் சீட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். கார்பிமசோல் 5, 10, 20ல வரும். கார்பமசெபின் பெரும்பாலும் 100, 200, 400. சீட்டுல 10ன்னு இருந்து கையில 100 வந்தா அப்பவே திருப்பிக் கொடுங்க.

18 பிப்ரவரி, காலை 6:55
குடியாத்தம் வாசகர்

நேத்து ராத்திரி சாப்பிட்டப்புறம் போட்டாங்க, குமட்டல் இல்ல. இன்னொண்ணு: எங்க சித்திக்கும் இதே நோய்தான், அவங்களுக்கு 20 மில்லிகிராமும் காலைலயே ஒரே வேளை. அம்மாவுக்கு மட்டும் ஏன் 1-0-1?

18 பிப்ரவரி, மதியம் 1:20
காட்பாடி மருந்தாளர்

ரெண்டு விதமாவும் எழுதுவாங்க. கார்பிமசோல் உடம்புக்குள்ள போனதும் மெத்திமசோலா மாறும். அது ரத்தத்துல பாதியா குறைய 4 முதல் 6 மணி நேரம். அதைப் பார்த்தா நாளுக்கு ஒரு வேளை போதாதுன்னுதான் தோணும். ஆனா அது தைராய்டு சுரப்பிக்குள்ள போய் தங்கிடும். அங்க அதோட வேலை ஒரு நாள் பூரா நீடிக்கும். அதனால நடுத்தர அளவுக்கு ஒரு வேளை போதும். ஆரம்பத்துல நோய் கடுமையா இருந்தாலோ, 30, 40ன்னு அளவு கூடினாலோ, வயிறு ஒத்துக்கலன்னாலோ பிரிச்சுக் கொடுப்பாங்க.

நீங்களா ரெண்டை ஒண்ணா சேர்க்க வேணாம். அடுத்த தடவை போறப்ப கேளுங்க. ஒருவேளைன்னா மறக்கறது குறையும், அதுவே பெரிய லாபம்.

இதே நோய்க்கு இன்னொரு மருந்து இருக்கு: புரொப்பில்தையோயூராசில், சுருக்கமா பிடியூ. அது 1, 2 மணி நேரத்துலயே பாதியாகிடும். நாளுக்கு ரெண்டு மூணு வேளை கட்டாயம். கர்ப்பத்தோட முதல் மூணு மாசத்துக்குத்தான் முக்கியமா கொடுப்பாங்க, ஏன்னா அந்த வாரங்கள்ல கார்பிமசோல் குழந்தைக்குக் குறை உண்டாக்கலாம். கல்லீரலைப் பாதிக்கற அபாயம் பிடியூல கூடுதல், அதனால மத்தவங்களுக்கு முதல்ல இதை எடுக்க மாட்டாங்க. கார்பிமசோல் போடுற பெண்களுக்கு நாள் தள்ளிப்போனா அன்னிக்கே டெஸ்ட் பண்ணி டாக்டருக்கு போன். அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

18 பிப்ரவரி, இரவு 9:45
திருப்பத்தூர் வாசகர்

எனக்கு மாத்திரை ஆரம்பிச்சு 10 நாளாச்சு, ஒரு மாற்றமும் இல்ல. வேளை தப்பா இருக்குமோ? ராத்திரி போட்டா நல்லா பிடிக்கும்னு ஒருத்தர் சொன்னார்.

18 பிப்ரவரி, இரவு 10:30
காட்பாடி மருந்தாளர்

வேளையில குறை இல்லைங்க. மாத்திரை புதுசா ஹார்மோன் தயாராகறதைத்தான் நிறுத்துது. ஏற்கெனவே தயாராகி சுரப்பிக்குள்ள கிடக்கறது குதிர்ல இருக்கற நெல்லு மாதிரி; அறுவடை நின்னாலும் குதிர் காலியாகற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும். ரெண்டு வாரத்துல லேசா தெரியும், நாலு முதல் ஆறு வாரத்துல நல்லா தெரியும். அதுவரைக்கும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கத்தான் ப்ரோப்ரனோலால். அது அன்னிக்கே வேலை செய்யும். உங்க சீட்டுல அது இருக்கா பாருங்க. ஆஸ்துமா, இளைப்பு இருந்தா எழுதியிருக்க மாட்டாங்க. அப்ப பக்கத்து வீட்டுல வாங்கியும் போடக் கூடாது.

19 பிப்ரவரி, காலை 8:05
ஆற்காடு நர்ஸ்

மறந்துட்டா என்ன பண்றதுன்னு யாரும் கேக்கல, ஆனா வார்டுல முதல் கேள்வி அதுதான்.

கார்பிமசோல்: அன்னிக்கு எப்ப ஞாபகம் வந்தாலும் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்ததுன்னா விட்டுட்டு வழக்கம்போல ஒண்ணு. இரட்டிப்பா போடாதீங்க.

ப்ரோப்ரனோலால்: அடுத்த வேளைக்கு இன்னும் நாலு மணி நேரமாவது இருந்தா போடலாம். கிட்டத்துல வந்துட்டா விட்டுடணும். சேர்த்துப் போட்டா நாடித்துடிப்பும் பிபியும் தடாலுன்னு இறங்கும். ஆனா திடீர்னு ஒரேயடியா நிறுத்தவும் கூடாது, படபடப்பு பல மடங்கா திரும்பி வரும்.

காலையில மாத்திரைக்கு முன்னாடி, உக்காந்தபடி, கடிகாரம் பார்த்து முழுசா 60 விநாடி நாடி பிடிச்சு எண்ணுங்க. 15 விநாடி எண்ணி நாலால பெருக்கறது வேணாம். இந்த நோய்ல துடிப்பு சீரில்லாம இருக்கலாம், கணக்கு தப்பும். காலண்டர் தாள்லயே எழுதுங்க. 60க்குக் கீழ போய் தலையும் சுத்துதுன்னா அந்த வேளையை நிறுத்தி வெச்சு டாக்டரைக் கேளுங்க. நல்லா ஓய்வா இருக்கும்போதே 100க்கு மேல போனா, கொடுக்கற அளவு பத்தாம இருக்கலாம். அந்தத் தாளை ரிவ்யூவுக்கு எடுத்துட்டுப் போங்க.

19 பிப்ரவரி, மாலை 5:10
குடியாத்தம் வாசகர்

அம்மாவுக்கு சுகரும் இருக்கு, சொல்ல விட்டுப்போச்சு.

19 பிப்ரவரி, மாலை 5:50
ஆற்காடு நர்ஸ்

அதை முதல் வரியிலயே சொல்லியிருக்கணும் தம்பி. சுகர் இறங்கினா வர்ற படபடப்பையும் நடுக்கத்தையும் ப்ரோப்ரனோலால் மறைச்சிடும். வேர்க்கறது மட்டும் மறையாது. காரணமில்லாம குப்புன்னு வேர்த்தா குளுக்கோமீட்டர்ல குத்திப் பாருங்க. இன்சுலினோ கிளிமிபிரைடோ போடுறாங்கன்னா ரொம்ப கவனம். இன்னொண்ணு, தைராய்டு அடங்க அடங்க சுகரும் குறையும். முன்னாடி சரியா இருந்த சுகர் மாத்திரை இப்ப கூடுதலாகிடலாம்.

22 பிப்ரவரி, இரவு 11:05
வாணியம்பாடி வாசகர்

அடுத்த வாரம் ரம்ஜான் தொடங்குது. கார்பிமசோல் ஒருவேளை, ப்ரோப்ரனோலால் மூணு வேளை. நோன்பு வைக்க முடியுமா?

23 பிப்ரவரி, காலை 9:40
காட்பாடி மருந்தாளர்

கார்பிமசோலுக்குத் தடையில்லை. சஹர்லயோ இஃப்தாருக்கு அப்புறமோ, ஏதாவது ஒண்ணை எடுத்துக்கிட்டு மாசம் முழுக்க அதே வேளை. 1-0-1காரங்களுக்கு இன்னும் சுலபம், சஹர் ஒண்ணு இஃப்தார் ஒண்ணு.

சிக்கல் ப்ரோப்ரனோலால்தான். மார்ச் தொடக்கத்துல நம்ம பக்கம் சஹர் விடிகாலை அஞ்சு மணி வாக்குல முடியும், நோன்பு திறக்க சாயங்காலம் ஆறு இருபது ஆகும். நடுவுல 13 மணி நேரத்துக்கு மேல. சாதா ப்ரோப்ரனோலால் 3 முதல் 6 மணி நேரத்துல பாதியாகிடும், மதியத்துக்கே தீர்ந்துபோகும். அதுக்கு மெதுவா கரையற எல்ஏ வகை இருக்கு, நாளுக்கு ஒரு தடவை. மாத்தலாமான்னு இப்பவே டாக்டரைக் கேளுங்க. எல்ஏ மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. நாள் பூரா வர வேண்டியது ஒரே மூச்சுல இறங்கிடும்.

ஆனா நோய் புதுசு, எடை இறங்கிக்கிட்டே இருக்கு, உக்காந்தா கூட நெஞ்சு அடிக்குதுன்னா, மாத்திரை வேளையைச் சரிக்கட்டி நோன்பு வைக்கற நிலைமை இல்ல அது. இந்த வெயில்ல தண்ணி இல்லாம வேர்த்துக்கொட்டினா தாங்காது. நோயாளிக்கு விலக்கு உண்டுங்கறது உங்களுக்கே தெரியும்.

23 பிப்ரவரி, காலை 11:15
வாணியம்பாடி வாசகர்

நன்றி பாய். டாக்டர்கிட்ட செவ்வாய்க்கிழமை போறேன்.

23 பிப்ரவரி, காலை 11:18
காட்பாடி மருந்தாளர்

நான் பாய் இல்லைங்க, ஆனா அழைச்சதுல சந்தோஷம்.

1 மார்ச், மதியம் 3:30
ராணிப்பேட்டை லேப்

பரிசோதனை பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தினமும் கேட்கப்படுபவை.

தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. சுகரும் கொழுப்பும் சேர்த்து எழுதியிருந்தால் மட்டும் அதற்காக வெறும் வயிற்றில் வரவும். கார்பிமசோலை அன்று போட்டுவிட்டே வரலாம். தைராக்சின் போடுபவர்கள்தான் ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும்.

முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்லவும். 5, 10 மில்லிகிராம் அளவில் வரும் பயோட்டின், பல கருவிகளில் டிஎஸ்ஹெச்சை (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) குறைவாகவும் டி4-ஐ (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகமாகவும் காட்டும். அதாவது நோயே இல்லாதவருக்கும் ஹைப்பர் போல ரிப்போர்ட் வரும். ஹைப்பரில் முடி கொட்டுவது இயல்பு என்பதால் பலர் இதைச் சாப்பிடுகிறார்கள். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரவும்.

2 மார்ச், காலை 7:20
திருப்பத்தூர் வாசகர்

15 நாளைக்கு ஒருதரம் டிஎஸ்ஹெச் பார்த்துக்கிட்டா போதும்தானே? எங்க ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க.

2 மார்ச், காலை 10:00
ராணிப்பேட்டை லேப்

காசு வீண். சிகிச்சை தொடங்கிய பிறகு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் ஃப்ரீ டி4, டி3 இரண்டையும் சேர்த்து. டிஎஸ்ஹெச் பல மாதம் அடியிலேயே கிடக்கும். டி4 சரியாகிவிட்ட பிறகும் எழும்பாது. அதை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் நோயாளி ஹைப்போவுக்குப் போய்விடுவார். முகம் ஊதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்று வருகிறவர்களில் இதுவும் ஒரு காரணம்.

9 மார்ச், காலை 8:45
குடியாத்தம் வாசகர்

அம்மாவுக்கு நேத்து ராத்திரியிலேர்ந்து காய்ச்சல், தொண்டை வலி. டோலோ 650 கொடுத்தேன். தைராய்டு மாத்திரை போடலாமா?

9 மார்ச், காலை 8:52
ஆற்காடு நர்ஸ்

கார்பிமசோலை இப்பவே நிறுத்துங்க. இன்னிக்கே, ஞாயித்துக்கிழமையா இருந்தாலும், காஷுவால்ட்டிக்குப் போய் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணற டெஸ்ட்) எடுங்க. "கார்பிமசோல் போடுறாங்க"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க, இல்லன்னா வைரல்னு ஊசி போட்டு அனுப்பிடுவாங்க. ப்ரோப்ரனோலாலை நிறுத்த வேணாம்.

9 மார்ச், காலை 9:30
காட்பாடி மருந்தாளர்

மத்தவங்களுக்காக விளக்கம். இந்த மருந்து ரொம்பச் சில பேருக்கு வெள்ளணுவை அடியோட குறைச்சிடும். ஆயிரத்துல ஒருத்தர் முதல் ஐஞ்சு பேர் வரைக்கும். பெரும்பாலும் முதல் மூணு மாசத்துல. அறிகுறி காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண். டோலோ காய்ச்சலை மறைக்கும், தொற்று உள்ளுக்குள்ள வளரும்.

9 மார்ச், காலை 10:10
ராணிப்பேட்டை லேப்

சிபிசி தாளில் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். மொத்த வெள்ளணுவை நியூட்ரோபில் (வெள்ளணுவில் ஒரு வகை) சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுக்கவும். மொத்தம் 2,400, நியூட்ரோபில் 15 சதவீதம் என்றால் 360. 500-க்குக் கீழ் வந்தால் அவசரம், உடனே மருத்துவமனையில் சேர வேண்டும். 1,500-க்கு மேல் என்றால் பெருமூச்சு விடலாம், ஆனால் மாத்திரையை மறுபடி தொடங்குவதை டாக்டர் சொல்லட்டும். தட்டணு குறைந்திருந்தால் டெங்குவையும் பார்ப்பார்கள்.

9 மார்ச், மாலை 6:40
குடியாத்தம் வாசகர்

மொத்தம் 7,800, நியூட்ரோபில் 62. கணக்குப் போட்டா 4,836. சாதா தொண்டைப் புண்ணுதான்னாங்க. நாளையிலேர்ந்து மாத்திரை போடச் சொல்லிட்டாங்க.

14 ஏப்ரல், இரவு 7:15
ஆம்பூர் வாசகர்

ஷூ கம்பெனியில ஷிஃப்ட். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. மாத்திரை நேரத்தை எப்படி மாத்தறது? போன மாசம் ஒரு கல்யாணத்துல ராத்திரி ஃபுல்லா பிரியாணி சாப்பிட்டு, அடுத்த நாள் விடியக்காலம் ரெண்டு காலையும் தூக்க முடியல. ரெண்டு மணி நேரத்துல சரியாயிடுச்சு. அதுவும் இதுவும் சம்பந்தமா?

14 ஏப்ரல், இரவு 8:00
ஆற்காடு நர்ஸ்

சம்பந்தம் இருக்கலாம், சரியாயிடுச்சேன்னு விட்டுடாதீங்க. ஹைப்பர் தைராய்டு உள்ள இளவயசு ஆண்களுக்கு, அதிகமும் ஆசியக்காரங்களுக்கு, இப்படி வரும். நிறைய மாவுச்சத்து சாப்பிட்டப்புறமோ கடுமையா உழைச்சுட்டு ஓய்வெடுக்கும்போதோ ரத்தத்துல இருக்கற பொட்டாசியம் செல்லுக்குள்ள போயிடும், தசை செயலிழக்கும். பொட்டாசியம் ரொம்ப இறங்கினா இதயத்துடிப்பு தாறுமாறாகும். மறுபடி வந்தா 108க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரி. வீட்டுல இளநீர் கொடுத்துட்டுப் படுக்க வெச்சுடாதீங்க. தைராய்டு முழுசா அடங்கினா இது வர்றது நின்னுடும். அதுவரைக்கும் ராத்திரியில வயிறுமுட்ட பிரியாணி வேணாம். ஆம்பூர்க்காரருக்கு இதைச் சொல்றது பாவம்தான்.

14 ஏப்ரல், இரவு 8:25
காட்பாடி மருந்தாளர்

ஷிஃப்டுக்கு: கார்பிமசோல் நேரத்தைத் தூக்கத்தோட மாத்தாதீங்க. ரெண்டு ஷிஃப்ட்லயும் முழிச்சிருக்கற ஒரு நேரத்தைப் பிடிங்க. ராத்திரி எட்டு மணி சரியா வரும். பகல் ஷிஃப்ட்ல வீட்டுச் சாப்பாடு, ராத்திரி ஷிஃப்ட்ல கிளம்புறதுக்கு முன்னாடி சாப்பாடு. ரெண்டு மூணு மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் பாதகமில்ல. ப்ரோப்ரனோலால் மட்டும் முழிச்சிருக்கற நேரத்தோட நகரணும். தூங்கப் போறதுக்கு முன்னாடி போட்டா சிலருக்குக் கெட்ட கனவு வரும். அப்படி வந்தா கடைசி வேளையை ரெண்டு மணி நேரம் முன்னாடி தள்ளுங்க.

6 மே, மதியம் 12:40
காட்பாடி மருந்தாளர்

அக்னி நட்சத்திரம் தொடங்கியாச்சு. கார்பிமசோல் வெப்பத்துலயும் ஈரத்துலயும் கெடும். தகர ஷீட் வீட்டுல ஜன்னலோரம், டிவி மேல, வண்டி பெட்டிக்குள்ள வைக்காதீங்க. புட்டியில இருக்கற உலர்பையை எடுத்து எறியாதீங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கறதும் வேணாம். வெளிய எடுக்கும்போதெல்லாம் உள்ளே வியர்க்கும். அரிசி டப்பா இருக்கற நிழல் மூலை போதும்.

சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போறவங்க: 14 கிலோமீட்டர். ஓய்வா இருக்கும்போதே நாடி 100 தாண்டுதுன்னா இந்த வருஷம் ஆட்டோவுல சுத்துங்க, அண்ணாமலையார் கோவிச்சுக்க மாட்டார். சளி மாத்திரை எதையும் கேக்காம வாங்கிப் போடாதீங்க. மூக்கடைப்புக்கு அதுல இருக்கற ஃபினைல்எஃப்ரின் படபடப்பைக் கூட்டும்.

7 மே, காலை 9:05
ஆற்காடு நர்ஸ்

கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி எடுக்கச் சொன்னா, தைராய்டு இருக்குன்னு சொல்லுங்க. அந்த ஊசியில அயோடின் நிறைய. வீட்டு அயோடின் உப்பைப் பத்தி பயப்பட வேணாம், சாதாரணமா சமைங்க. கடல்பாசி மாத்திரை, கெல்ப்னு ஆன்லைன்ல விக்கறதைத்தான் தொடக்கூடாது. ரேடியோ அயோடின் (தைராய்டை அடக்கற கதிரியக்க மருந்து) கொடுக்கறதா முடிவானா கதை மாறும். கார்பிமசோலைச் சில நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, எத்தனை நாள்னு அந்தத் துறையில எழுதிக் கொடுப்பாங்க; அதை சீட்டுலயே வட்டம் போட்டு வெச்சுக்குங்க.

11 ஜூன், மாலை 4:20
குடியாத்தம் வாசகர்

டி4 சரியாயிடுச்சு. கார்பிமசோலை 5க்குக் குறைச்சாச்சு, காலை ஒருவேளை. ப்ரோப்ரனோலாலையும் ஒவ்வொரு வேளையா குறைச்சு நிறுத்தச் சொல்லியிருக்காங்க. கையில 10 மாத்திரை பாதி புட்டி இருக்கு. கடையில 5 இல்ல, அடுத்த வாரம்தான் வரும்ங்கறாங்க. உடைச்சுப் போடலாமா?

11 ஜூன், மாலை 5:00
காட்பாடி மருந்தாளர்

கார்பிமசோல் சாதா மாத்திரைதான், பாதியாக்கலாம். கத்தியால நசுக்காம மாத்திரை வெட்டியை வாங்குங்க. ஒருநாள் பெரிய துண்டு, மறுநாள் சின்ன துண்டுன்னு ஆனாலும் ரெண்டு நாள்ல சரியாகிடும். மொத்தமா முன்கூட்டியே உடைச்சு வைக்காதீங்க, அன்னன்னிக்கு ஒண்ணை உடைச்சு மிச்சப் பாதியை மறுநாளைக்கு வைங்க. 5 கிடைச்சதும் அதுக்கு மாறிட்டு, 10 புட்டியை அலமாரியிலேர்ந்து எடுத்துடுங்க. அம்மா பழக்கதோஷத்துல பழைய புட்டியிலேர்ந்தே முழுசா ஒண்ணு எடுத்துடுவாங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் நிறுத்திடாதீங்க. இதை பெரும்பாலும் 12 முதல் 18 மாசம் போட வேண்டியிருக்கும்.

11 ஜூன், மாலை 5:25
ஆற்காடு நர்ஸ்

புட்டியை எங்க போட்டீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.